180 கிலோமீற்றரை எப்படிக் கணக்கிடுவது?

திருகோணமலையிலிருந்து தம்புள்ளை வழியாகக் கண்டிக்குச் செல்லும் வீதியின் நீளம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கண்டியில் இறங்கிவிடலாம். மத்தியதரைக் கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான கோர்சிக்காத் தீவின் நடுவே நீளும் மலைத்தொடரின் மீது, வடமேற்கில் கலென்சானா என்ற ஊரிலிருந்து தென்கிழக்கில் கொங்கா என்ற ஊர் வரை செல்லும் ஜீ.ஆர். 20 என்னும் நடைபாதையின் நீளமும் கிட்டத்தட்ட அதுவேதான். ஆனால் அந்தப் பாதையை 16 கட்டங்களாகப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒரு கட்டம் என்ற கணக்கில் நடப்பதே அங்குள்ள வழக்கம். ஐரோப்பாவின் கடினமான நெடுநடைப் பாதைகளுள் ஒன்றாக அது பேசப்படுவதற்குக் காரணம் நீளம் அல்ல என்பது இந்த ஒரு விபரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

பாரிஸில் வசிக்கும் என் மச்சாளும் நானும் அடுத்த கோடையில் இந்தப் பாதையை நடப்பதென்று முடிவெடுத்திருக்கிறோம். முடிவெடுத்த அன்றே அவள் ஒரு திட்டத்தையும் அனுப்பிவிட்டாள். நாளொன்றுக்கு 18 கிலோமீற்றர், பத்து நாளில் வேலை முடிந்தது, மிச்ச நாட்களில் கடற்கரையில் படுத்திருக்கலாம் என்பதே அதன் சாரம். உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் புவியியல் கற்பிக்கும் எனக்கு அந்த வகுத்தல் கணக்கைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

கோர்சிக்கா சிறிய தீவு. இலங்கையில் ஏழில் ஒரு பங்குக்கும் குறைவான பரப்பு. எங்கள் திருகோணமலை மாவட்டம் போல மூன்றைச் சேர்த்து வைத்தால் அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ வரும். அந்தச் சிறிய நிலத்திலேதான் பிதுருதலாகல மலையைவிட உயர்ந்த சிகரம் ஒன்று நிற்கிறது. பிதுருதலாகல 2,524 மீற்றர். மொன்டே சின்டோ 2,706 மீற்றர். நம் நாட்டிலே கரையோரச் சமவெளி, இடைநிலம், மேட்டுநிலம் என்று படிப்படியாக உயரும் நிலம், அங்கே கடலோரத்திலிருந்தே எழும்பத் தொடங்கிவிடுகிறது. ஜீ.ஆர். 20 மலையடிவாரத்தைச் சுற்றிப் போகாமல், ஒரு முகட்டில் ஏறி அடுத்த பள்ளத்தில் இறங்கி மறுபடியும் ஏறுகிறது. தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறும் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் ஏறத்தாழ 12,000 மீற்றர் வருகிறது. இறக்கமும் அதே அளவுதான்.

மலைநடைக்கு நேரம் கணிப்பதற்கு ஸ்கொட்லாந்து மலையேறியான வில்லியம் நெயிஸ்மித் 1892இல் ஒரு விதி சொன்னார். இன்றைய அளவைகளில் சொன்னால், ஒவ்வொரு 5 கிலோமீற்றருக்கும் ஒரு மணி நேரம், அத்துடன் ஒவ்வொரு 600 மீற்றர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். இதை ஜீ.ஆர். 20க்குப் போட்டுப் பார்த்தேன். தூரத்துக்கு 36 மணி, ஏற்றத்துக்கு 20 மணி, ஆக 56 மணி. பதினாறால் வகுத்தால் நாளுக்கு மூன்றரை மணி நேரம்தான் வருகிறது. ஆனால் நடந்தவர்கள் பெரும்பாலான கட்டங்களுக்கு 5 மணி முதல் 8 மணி வரை சொல்கிறார்கள். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் திட்டம் போடுவது வீண். நெயிஸ்மித்தின் விதி கால் வைத்து நடக்கக்கூடிய பாதைக்குரியது. கோர்சிக்காவின் வடபாதியில் பல இடங்களில் கையையும் பயன்படுத்தித்தான் ஏற வேண்டும். வழுக்குப் பாறைகளில் சங்கிலி பொருத்தியிருக்கிறார்கள். தளர்ந்த கற்கள் குவிந்த சரிவுகளில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கிலோமீற்றர் நகர்ந்தாலே பெரிது. ஆகவே கிலோமீற்றரை மறந்துவிட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏற்றம், இறக்கம், தரையின் தன்மை, இடையில் தண்ணீர் உண்டா இல்லையா என்று நான்கு நிரல்கள் கொண்ட ஓர் அட்டவணையை வரைந்தேன். மச்சாள் அதைப் பார்த்துவிட்டு, 2021இல் லம்பேர் சன்டெல்லி என்ற ஓட்டக்காரர் முழுப் பாதையையும் 30 மணி 25 நிமிடத்தில் முடித்ததைப் பதிலாக அனுப்பினாள். அவர் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதையும், நாங்கள் இருவரும் ஐம்பதை நெருங்குகிறவர்கள் என்பதையும் நான் நினைவூட்ட வேண்டியிருந்தது.

எங்களுக்குள் அதிகம் விவாதிக்கப்பட்டது திசை. பெரும்பாலானவர்கள் வடக்கிலிருந்து தெற்கே நடக்கிறார்கள். கடினமான பாதியைப் புதுத் தெம்போடு முதலில் முடித்துவிடலாம் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். மலைநாட்டில் வாழ்பவருக்கு அது சரியாக இருக்கலாம். கடல்மட்டத்தில் வாழ்ந்து, மேம்பாலம்கூட இல்லாத ஊரில் நடந்து பழகிய கால்களுக்கு அது பொருந்தாது. கலென்சானா சுமார் 275 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து முதல் இரவைக் கழிக்கும் ஓர்து டி உ பியொப்பு குடில் 1,500 மீற்றருக்கு மேல். இருப்பதிலேயே பை பாரமாக இருக்கும் முதல் நாளிலேயே 1,300 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும் என்பது இதன் பொருள். தெற்கே கொங்காவிலிருந்து புறப்பட்டால் முதல் குடிலான பாலிரி ஏறத்தாழ 1,050 மீற்றரில்தான் இருக்கிறது. தென்பாதியில் காடும் புல்வெளியும் கூடுதல், பாறை குறைவு. ஒரு வாரம் அங்கே நடந்து உடம்பு மலைக்குப் பழகிய பின், சாப்பாடும் குறைந்து பையும் இலேசான நிலையில் வடபாதிக்குள் நுழைவதுதான் எங்களைப் போன்றவர்களுக்கு உகந்தது என்பது என் தீர்மானம். இந்தத் திசையில் நடந்தால் எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஆனால் முன்னாலுள்ள பாதையின் நிலையை அவர்களிடமே கேட்டறியலாம்.

காலத்தைத் தெரிவுசெய்வதும் இலேசாக இல்லை. ஜூன் மாதத் தொடக்கத்தில் வடபாதியின் பள்ளங்களில் பனி கிடக்கும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் வெயிலும் சனமும் அதிகம். வெயில் எங்களுக்குப் பெரிதல்ல. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் உப்புவெளியிலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் பாடசாலை போய்வந்தவர்களுக்கு அந்த வெயில் பழக்கமானதுதான். பயப்பட வேண்டியது பிற்பகல் இடிமழைக்கு. 2022 ஆகஸ்ட் 18ஆம் திகதி காலையில் கோர்சிக்காவைத் தாக்கிய புயலில் காற்று மணிக்கு 220 கிலோமீற்றருக்கு மேல் வீசியது. தீவில் ஐந்து பேர் இறந்தார்கள். அதற்கு முன்னர் 2015 ஜூன் 10ஆம் திகதி, சேர்க் டு லா சொலித்தியூட் என்ற செங்குத்தான பள்ளத்தில் மழையோடு பாறைகள் சரிந்து ஏழு நடைபயணிகள் உயிரிழந்தனர். பாதையின் மிகக் கடினமான பகுதியாக இருந்த அந்தப் பள்ளத்தை அதன்பின் கைவிட்டு, மொன்டே சின்டோவின் பக்கமாக, 2,607 மீற்றர் உயரமுள்ள முகடு ஒன்றின் வழியே பாதையைத் திருப்பிவிட்டார்கள். பழைய வழிகாட்டி நூலை இரவல் வாங்கி வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் தொடங்கி செப்டெம்பர் நடுப்பகுதியில் முடிப்பதென்று குறித்திருக்கிறோம். சனம் குறையத் தொடங்கும். குடில்களில் பொறுப்பாளர்கள் இன்னும் இருப்பார்கள். பாடசாலை விடுமுறை அதற்குப் போதாது என்பதால் வெளிநாட்டு விடுமுறைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே சூரியன் காலை ஏழு மணியளவில்தான் உதிக்கிறது. ஆனாலும் இடிமழைக்கு முன்னர் முகடுகளைக் கடந்துவிட வேண்டுமானால், நெற்றி விளக்கோடு இருட்டிலேயே புறப்பட்டாக வேண்டும்.

இருட்டில் புறப்படுவதை நான் படித்தது எந்த மலையேற்ற நூலிலும் அல்ல, என் பெரியம்மாவிடம். கதிர்காமப் பாதயாத்திரையில் வெருகலில் சேர்ந்துகொண்டு, மட்டக்களப்பு, திருக்கோவில், உகந்தை என்று நடந்து, குமண, யால காடுகளுக்கூடாகக் கதிர்காமத்தை அடைந்தவர் அவர். விடியுமுன் நடந்து, வெயில் ஏற முன்னர் நிழல் கண்ட இடத்தில் படுத்து, பின்னேரம் மீண்டும் நடக்கும் அந்த ஒழுங்கு எவ்வளவு கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது என்பது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. காலில் கொப்புளம் வரும் வரை காத்திருக்காமல், தோல் சூடேறும்போதே நின்று துணி சுற்ற வேண்டும் என்பதும், முன்னால் போகிறவரின் வேகத்தில் நடக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னவையே. ஒரு விடயத்தில் மட்டும் அவருடைய அனுபவம் எங்களுக்கு உதவாது. அந்த யாத்திரை முழுக்கக் கரையோரச் சமநிலம். இறக்கம் என்ற ஒன்று அதில் இல்லை.

முழங்காலைக் கெடுப்பது இறக்கம்தான். ஏறும்போது மூச்சுத்தான் வாங்கும். நின்றால் அது ஆறிவிடும். இறங்கும்போதோ உடம்பும் பையும் சேர்ந்த பாரம் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழுகிறது. தொடைத் தசைகள் நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருப்பதால் அடுத்த நாள் படியிறங்கவே முடியாத நோவு வருகிறது. இதற்குப் பயிற்சி இறங்குவதைத் தவிர வேறில்லை. திருகோணமலையில் இறங்குவதற்கு எங்கே போவது? கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறி இறங்குவதுதான் என் விடிகாலைப் பயிற்சி. அந்தக் கோயில் நிற்கும் சுவாமி மலையின் உச்சியே கடல்மட்டத்திலிருந்து நூறு மீற்றர் அளவுதான் என்பதால், கலென்சானாவின் முதல் நாள் ஏற்றத்துக்குச் சமமாக வேண்டுமென்றால் பதின்மூன்று தடவைக்கு மேல் ஏறி இறங்க வேண்டும். முதுகில் பையோடு மீண்டும் மீண்டும் போய்வரும் என்னை, கடலை விற்கும் ஐயா நேர்த்திக்கடன் என்று நினைத்திருக்கிறார், நான் திருத்தவில்லை. போகும் வழியில் கோட்டைக்குள் ஆர்தர் வெலஸ்லி 1800ஆம் ஆண்டளவில் தங்கியிருந்த வீடு இருக்கிறது. பின்னாளில் வோட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர் அவர்; நெப்போலியன் பிறந்ததோ கோர்சிக்காவின் அஜாக்சியோ நகரில். இந்தத் தகவலால் முழங்காலுக்கு ஒரு பயனும் இல்லை, ஆனால் மூச்சு வாங்க நிற்பதற்கு நல்ல சாட்டு.

உண்மையான சோதனைக்குச் சிவனொளிபாதமலைக்குத்தான் போக வேண்டும். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஏறினால் ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஏற்றம், பிறகு ஆயிரக்கணக்கான படிகளில் அதே அளவு இறக்கம். படி என்பது பாறையல்ல, ஆனாலும் ஒரே மூச்சில் அவ்வளவு இறங்குவதற்கு எனக்கு எட்டும் தூரத்தில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஏறிய அடுத்த நாளே மறுபடியும் ஏற முடிகிறதா என்று பார்ப்பதே என் நோக்கம். ஒரு நாள் ஏறுவதற்கு யாராலும் முடியும். பதினாறு நாள் தொடர்ந்து ஏறும் பாதைக்கு இரண்டாம் நாள்தான் அளவுகோல்.

சப்பாத்தை மச்சாளே அங்கே வாங்கி, லீவுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். கணுக்காலைப் பிடிக்கும் தடித்த மலைச் சப்பாத்து. நடையின் தொடக்கத்தில் புதுச் சப்பாத்தைப் போடுவது கொப்புளத்தைக் காசு கொடுத்து வாங்குவதற்குச் சமம் என்பதால் இப்போதே போட்டுப் பழக வேண்டியிருக்கிறது. டச்சு விரிகுடாக் கரையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும் பின்னேரத்தில் நான் அதோடு நடப்பதை ஊர் வேடிக்கை பார்க்கிறது.

பையின் பாரத்தை அறிவதற்கு, நாங்கள் வழமையாக அரிசி வாங்கும் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் மூட்டை நிறுக்கும் தராசில் இருந்த கீரிச்சம்பாவை இறக்கி வைத்துவிட்டு என் பையை ஏற்றினார். பதினான்கரைக் கிலோ. ‘இதுக்குள்ள என்ன டீச்சர், பாடப் புத்தகமோ?’ என்று அவர் கேட்க, அங்கேயே தரையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டு நிறுத்துப் பார்த்தோம். பருத்தி உடைகளே ஏறக்குறைய இரண்டு கிலோ இருந்தன. வியர்வையையும் மழையையும் பிடித்து வைத்துக்கொண்டு காற்றில் உடம்பைக் குளிர வைக்கும் பருத்தி எப்படியும் மலைக்கு ஆகாது. அது வெளியே போனது. இரண்டாவது துவாய் போனது. எவர்சில்வர் தட்டும் மூடியுள்ள சட்டியும் போயின. தண்ணீரையும் சாப்பாட்டையும் சேர்க்காமல் ஒன்பது கிலோவுக்குள் கொண்டுவந்த பிறகுதான் கடைக்காரர் தன் அரிசியைத் தராசில் ஏற்றினார்.

குறைக்கக் கூடாத பாரம் குளிர் உடையும் தூக்கப் பையும். ஆயிரம் மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறேன். கோர்சிக்காக் கரையில் 28 பாகை இருக்கும்போது, 1,991 மீற்றரில் உள்ள சியொத்துலு டி இ மோரி குடிலில் பகலிலேயே 15 பாகை. இரவில், காற்றோடு, அதைவிட எவ்வளவோ கீழே போகும். ‘குளிர்’ என்று மார்கழி வாடைக்குப் போர்வை தேடும் எங்களுக்கு இந்த எண்ணைத் தாளில் எழுதுவது இலகு, உடம்புக்கு விளங்கப்படுத்துவது கடினம்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கவலைப்பட்ட அளவுக்கு நான் கவலைப்படவில்லை. குடில்களில் இரவுச் சாப்பாடும் ஓரளவு பொருட்களும் விலைக்குக் கிடைக்கும். குதிரையிலும் ஹெலிகொப்டரிலும் ஏற்றப்படும் பொருட்கள் என்பதால் விலை கூடத்தான் இருக்கும், பல இடங்களில் காசாகக் கொடுக்க வேண்டியும் வரும். பாலும் இறைச்சியும் சேர்ந்தவற்றை இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக முடியாது. வறுத்த சத்துமா, எள்ளுப்பாகு, பனங்கட்டி ஆகியவை பாரத்துக்கு ஏற்ற சக்தி தருபவை. அவற்றைக்கூடப் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதியில் வாங்கலாம் என்று மச்சாள் சொல்லிவிட்டாள். கருவாட்டுச் சம்பல் வேண்டாமென்பது என் ஒரே நிபந்தனை. இருபது பேர் படுத்திருக்கும் குடிலில் அதைத் திறந்தால் பிறகு எங்களுக்கு யாரும் பாதை சொல்ல மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் சிக்கலானது விசா. குடில்களைக் கோர்சிக்காவின் இயற்கைப் பூங்கா நிர்வாகம் நடத்துகிறது; படுக்கைக்கும் கூடாரம் போடும் இடத்துக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். குடில்களுக்கு வெளியே விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கவோ தீ மூட்டவோ அனுமதியில்லை. ஆகவே திகதிகளை முன்பே நிச்சயிக்க வேண்டும். ஆனால் பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முந்தித்தான் விண்ணப்பிக்க முடியும்; கிடைக்குமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும். விசா கேட்டால் எங்கே தங்குவாய் என்று கேட்பார்கள். தங்குமிடத்தைப் பதிந்தால் விசா கிடைக்காவிட்டால் காசு போய்விடும். பாரிஸ் நாட்களுக்கு மச்சாள் தன் நகரசபையில் விருந்தினரை ஏற்கும் அத்தாட்சிப் பத்திரம் எடுத்துத் தருவாள். மலை நாட்களுக்கு, குறைந்த கட்டணமுள்ள கூடார இடங்களையே இருவருக்கும் பதிவது என்று தீர்மானித்தோம். நான் வராவிட்டாலும் அவள் தன் சிநேகிதியோடு போகலாம். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எப்படியும் கட்டாயம். மலைநடையையும் அது உள்ளடக்குகிறதா என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும். திருகோணமலையில் பாடசாலை ஆசிரியை ஒருவர் இரண்டு வாரம் மலையில் கூடாரத்தில் தூங்கப் பிரான்ஸ் வருகிறார் என்ற விண்ணப்பம் விசா அதிகாரிக்குக் கதையாகத் தோன்றக் கூடும் என்பதால், என் அட்டவணையையே பிரெஞ்சில் மொழிபெயர்த்து இணைக்கப் போகிறேன்.

அந்த அட்டவணையில் கடைசியாகச் சேர்த்தது வெளியேறும் வழிகள். பவெல்லாக் கணவாயில் வாகன வீதி உண்டு. நடுவே, அஜாக்சியோவையும் பஸ்தியாவையும் இணைக்கும் ரயில் பாதையில் விஸ்ஸவோனா நிலையம் இருக்கிறது. தென்பாதியும் வடபாதியும் பிரிவது அங்கேதான். வடக்கே அஸ்கோவிலும் வீதிக்கு இறங்கலாம். விஸ்ஸவோனாவில் ஒரு முழு நாள் ஓய்வென்று எழுதி, அன்று மாலை இருவரும் முழங்காலையும் வானிலை அறிக்கையையும் பார்த்து, வடக்கே நடப்பதா ரயில் ஏறுவதா என்று முடிவெடுப்பதென்றும், ஒருவர் வேண்டாமென்றால் மற்றவர் வற்புறுத்துவதில்லை என்றும் கீழே குறித்திருக்கிறேன். மச்சாள் அந்த வரிக்கு மட்டும் மறுப்பில்லாமல் சம்மதம் அனுப்பினாள். ஓய்வு நாள் ஒன்றா இரண்டா என்பதில் பேச்சு இன்னும் முடியவில்லை.